அமெரிக்க அதிபர்களையும் கொள்கைகளையும் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசியல் அறிவியல் மாணவர்களின் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது பல வருடமாக எனக்குப் பழக்கம். அமெரிக்க அதிபர்கள் பற்றிய கட்டுரை என்றால் முதல் பக்கத்திலேயே பெரும்பாலும் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: "லிண்டன் ஜான்சன் 1964-ல் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்." சின்ன வாக்கியம், அதில் இரண்டு பிழை. ஒன்று மொழிபெயர்ப்புப் பிழை. குடியுரிமை என்பது ஒரு நாட்டின் குடிமகன் என்ற தகுதி. இந்தச் சட்டம் தடுத்தது வேறு விஷயத்தை, அதாவது ஹோட்டலிலும் பள்ளியிலும் வேலையிலும் கறுப்பின மக்களை ஒதுக்கி வைப்பதை. குடிமை உரிமைகள் சட்டம் என்று எழுதினால் சரியாக இருக்கும். இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது, "கொண்டுவந்தார்" என்ற அந்த வினைச்சொல்.

அந்த மசோதாவை 1963 ஜூனில் காங்கிரசுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்தைச் சொல்கிறேன்) அனுப்பியவர் கென்னடி. அவரை அனுப்ப வைத்தவர்கள், அதற்கு முந்தைய மாதம் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரத்தில் போலீஸ் நாய்களுக்கும் தீயணைப்புக் குழாய்களுக்கும் எதிரே நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள். நவம்பரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு, துணை அதிபர் ஜான்சன் அதிபரானபோது மசோதா காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் விதிமுறைக் கமிட்டியில் கிடந்தது, அதன் தலைவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித் அதை நகரவிடவில்லை. ஒருவழியாக 1964 பிப்ரவரியில் 290-க்கு 130 என்று அந்தச் சபையைத் தாண்டிய மசோதா மேலவையான செனட்டுக்கு வந்ததும் தென்மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசியே நேரத்தைக் கடத்தினார்கள், மார்ச் கடைசியில் தொடங்கிய விவாதம் ஜூன் வரை இழுத்தது. அந்தப் பேச்சை நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஜான்சனின் சொந்த ஜனநாயகக் கட்சிக்காரர்களிலேயே பலர் எதிர்த்ததால், எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டிர்க்சனின் அறையில் உட்கார்ந்து வாசகங்களை மாற்றி எழுத வேண்டியிருந்தது.

ஜூன் 10-ம் தேதி பேச்சை நிறுத்துவதற்கான வாக்கெடுப்பு. கலிஃபோர்னியாவின் செனட் உறுப்பினர் கிளேர் எங்கிள் மூளைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், பேச முடியாத நிலை. அவரைச் சக்கர நாற்காலியில் சபைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெயர் கூப்பிட்டபோது வாயைத் திறக்க முயன்றார், குரல் வரவில்லை, கையைத் தூக்கித் தன் கண்ணைச் சுட்டிக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கான சொல்லும் சபையில் ஆமோதிக்கும் சொல்லும் காதுக்கு ஒன்றுபோல "ஐ" என்றுதான் ஒலிக்கும். அது ஆதரவு வாக்காகப் பதிவானது. மொத்தம் 71-க்கு 29, ஆதரித்த 71 பேரில் 27 பேர் குடியரசுக் கட்சிக்காரர்கள். எங்கிள் அடுத்த மாதமே இறந்துபோனார்.

ஜான்சனின் பங்கு சின்னது என்று நான் சொல்லவில்லை. மசோதாவை நீர்த்துப்போக விடாமல் பிடித்து நின்றதும், டிர்க்சனை விடாமல் அணுகும்படி மசோதாவைச் செனட்டில் நடத்திய ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை முடுக்கியதும் அவர்தான். ஆனால் அந்தப் பங்கு என்ன அளவு, எந்த இடத்தில் என்று சொல்லத்தான் ஆய்வு. "கொண்டுவந்தார்" என்று எழுதிவிட்டால் ஆய்வு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இந்தத் தவறு நம்மிடம் அதிகம் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். நாம் வளர்ந்தது நாடாளுமன்ற முறையில். பிரதமர் என்றாலே அவையில் பெரும்பான்மை அவர் கையில், கொறடா உத்தரவு போட்டால் கட்சி உறுப்பினர்கள் அதன்படி வாக்களிப்பார்கள், மீறினால் பதவி போகும். அதே படத்தை வாஷிங்டன் மேல் ஒட்டிப் பார்க்கிறோம். அங்கே அதிபரால் ஒரு மசோதாவை நேரடியாக அறிமுகம் செய்யக்கூட முடியாது, யாராவது ஓர் உறுப்பினர்தான் செய்ய வேண்டும். கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1936-ல் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார், செனட்டில் முக்கால்வாசிக்கு மேல் அவர் கட்சி. மறு வருடமே, உச்ச நீதிமன்றத்தில் கூடுதலாக ஆறு நீதிபதிகள் வரை நியமிக்கும் அதிகாரம் கேட்டார். செனட் அந்த மசோதாவை 70-க்கு 20 என்ற கணக்கில் கமிட்டிக்கே திருப்பி அனுப்பிப் புதைத்துவிட்டது. அவ்வளவு பெரிய வெற்றிக்கு ஒன்பது மாதத்துக்குள்! அப்புறம், ஆங்கிலத்தில் ஒரே பெயர் என்பதால் இந்தியக் குடியரசுத் தலைவர், இலங்கை ஜனாதிபதி, அமெரிக்க அதிபர் மூவரையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பதவியின் பெயரை விட்டுவிட்டு, பட்ஜெட் யார் கையில், அவையைக் கலைக்க முடியுமா, யார் நீக்கலாம் என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

நிர்வாக ஆணை விஷயத்திலும் இதே சிக்கல். அதிபரின் நிர்வாக ஆணையை "அவசரச் சட்டம்" என்று எழுதுகிறார்கள். நம் அவசரச் சட்டத்துக்கு நாடாளுமன்றச் சட்டத்தின் வலு உண்டு, நாடாளுமன்றம் மறுபடி கூடி ஆறு வாரத்தில் அது காலாவதியாகும். அமெரிக்க நிர்வாக ஆணைக்கு அப்படித் தானாக முடிகிற காலக்கெடு கிடையாது, ஆனால் அது புதுச் சட்டமும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் சட்டமோ அரசியலமைப்போ தந்த அதிகாரத்துக்குள்தான் அது நிற்க வேண்டும். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1952-ல், வேலைநிறுத்தம் வந்தால் ஆயுத உற்பத்தி நின்றுவிடும் என்று அப்போதைய அதிபர் ட்ரூமன் இரும்பாலைகளை அரசு வசம் எடுக்க ஆணை போட்டார். இரண்டே மாதத்தில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதை அடித்துவிட்டது.

ஆணைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் வேண்டாம். ரூஸ்வெல்ட் 3,700-க்கும் மேல் போட்டார், மற்றவர்கள் குறைவு, அதனால் அவரே வலுவானவர் என்று வரைபடம் போட்டு வருகிறார்கள். அந்த எண்ணுக்குள் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களுக்கு அனுப்ப வழிசெய்த ஆணையும் ஒன்று, ஊழியர் நிர்வாகம் சம்பந்தப்பட்ட அன்றாட ஆணையும் ஒன்று. போதாததற்கு, முக்கியமான பல முடிவுகள் ஆணை என்ற பெயரிலேயே வருவதில்லை. கருக்கலைப்பு ஆலோசனை தரும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி மறுக்கும் கொள்கையைப் பாருங்கள். 1984-ல் ரீகன் அரசு அறிவித்தது, 1993-ல் கிளிண்டன் எடுத்தார், 2001-ல் புஷ் திரும்ப வைத்தார், 2009-ல் ஒபாமா எடுத்தார், 2017-ல் டிரம்ப் வைத்தார், 2021-ல் பைடன் எடுத்தார், 2025-ல் மறுபடி டிரம்ப். கிளிண்டனிலிருந்து எல்லாம் குறிப்பாணைகள். உங்கள் எண்ணிக்கையில் அவை வரவே வராது.

சரி, காலக் கணக்குக்கு வருவோம். 1980-ல் அமெரிக்காவில் பணவீக்கம் சுமார் 13.5 சதவீதம், 1983-ல் 3 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. நடுவில் கார்ட்டர் தோற்று ரீகன் வந்தார், ஆகவே ரீகன் குறைத்தார் என்று எழுதிவிடுகிறோம். வட்டியை 20 சதவீதம் வரை ஏறவிட்டு விலைவாசியை அடக்கியது ஃபெடரல் ரிசர்வ், அதாவது அவர்களின் மத்திய வங்கி. அதன் தலைவர் பால் வோல்கரை 1979 ஆகஸ்டில் நியமித்தவர் கார்ட்டர், அந்த வட்டியின் வலியோடுதான் அடுத்த வருடத் தேர்தலைச் சந்தித்தார். வீடு கட்டித் தருபவர்கள் தொழில் படுத்துவிட்டதைச் சொல்ல மரத்துண்டுகளையே வோல்கருக்குத் தபாலில் அனுப்பினார்கள். ரீகனுக்கும் இதில் இடம் உண்டு: 1982-ல் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியபோதும் அவர் வோல்கரைக் கைவிடவில்லை, 1983-ல் மறுபடி நியமித்தார். பதவிக்காலத்தின் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் கொள்கைக்கும் வேலியாகப் போட்டுவிட்டால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

அதிபர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதோடு ஆய்வை நிறுத்துவது இன்னொரு தவறு. நிக்சன் விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை 1970-ல் அமைத்தவர் அவர், ஆகவே அந்தக் காலத்துச் சுற்றுச்சூழல் சட்டம் எல்லாவற்றையும் அவர் பெயரில் எழுதுவது வழக்கம். தூய நீர்ச் சட்டத்தை 1972 அக்டோபர் 17-ல் அவர் வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். மறுநாளே இரண்டு சபைகளும் அதை மீறிச் சட்டமாக்கின. அத்தோடு முடியவில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு முதல் இரண்டு வருடத்துக்குச் சட்டம் சொன்னது 1,100 கோடி டாலர், அவர் பகிர்ந்தளிக்க அனுமதித்தது 500 கோடி மட்டும். வீட்டோவில் தோற்ற அதிபர் நிதியை நிறுத்தி வைத்து மறுபடி சண்டை போட்டார்! காங்கிரஸ் 1974-ல் அப்படி நிறுத்தி வைப்பதற்கே கடிவாளம் போட்டுச் சட்டம் செய்தது, 1975-ல் உச்ச நீதிமன்றமும் அவர் அரசு செய்தது தவறு என்றது. கொள்கையின் பாதி வாழ்க்கை கையெழுத்துக்குப் பிறகுதான், அது கிடைப்பது பட்ஜெட் ஆவணங்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும்.

அதிபர் பேசினால் மக்கள் மாறிவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் ஆய்வில் அப்படியே நுழைந்துவிடுகிறது. ஜார்ஜ் புஷ் (மகன்) 2005-ல் ஓய்வூதியத்தில் தனிநபர் கணக்குகள் வேண்டும் என்று 60 நாளில் 60 இடம் என்று ஒரு பிரசாரமே நடத்தினார். ஆதரவு ஏறவில்லை, மசோதா வாக்கெடுப்புக்குக்கூட வரவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு அதிபரால் ஒன்றும் ஆகாது என்று மறுகோடிக்கு ஓடுவதும் தவறுதான். அதே புஷ் 2003 ஜனவரியில் எய்ட்ஸ் நோய்க்கு எதிராக ஐந்து வருடத்துக்கு 1,500 கோடி டாலர் கேட்டார், மே மாதம் சட்டமானது, ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. அவர் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் இந்த அளவில், இந்த வேகத்தில் நடந்திருக்குமா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு கொள்கைக்கும் கேட்டுப் பாருங்கள், பதில் ஒவ்வொன்றுக்கும் மாறும்.

சான்றுகளில் ஒரு எச்சரிக்கை. அதிபர்களின் நினைவுக் குறிப்புகளை மட்டும் நம்பி எழுதாதீர்கள். ஜான்சனின் தொலைபேசி உரையாடல்கள் நூற்றுக்கணக்கான மணி நேரம் பதிவாகி, இணையத்தில் இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. ஆனால் பதிவாகிறது என்று ஜான்சனுக்குத் தெரியும், எதிர்முனையில் இருந்தவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

கடைசியாக, வெற்றிகளை மட்டும் எடுப்பது. மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டில் 1965 ஜூலை 30 அன்று கையெழுத்துப் போட ஜான்சன் வாஷிங்டனிலிருந்து மிசௌரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் ஊருக்குப் போனார், பக்கத்தில் 81 வயது ட்ரூமன். அதன் முதல் உறுப்பினராகப் பதிவானவரும் ட்ரூமன்தான். 1945-ல் தேசிய மருத்துவக் காப்பீடு கேட்டுத் தோற்றவர் அவர். அந்தத் தோல்விக்கும் இந்தக் கையெழுத்துக்கும் நடுவில் இருபது வருடம், அதில் கடைசிச் சில வருடம் பிரதிநிதிகள் சபையின் வரி, நிதி விஷயங்களைக் கவனிக்கும் கமிட்டியின் தலைவர் வில்பர் மில்ஸ் மசோதாவைப் பிடித்து வைத்திருந்தார். 1964 தேர்தலில் சபையின் கணக்கு மாறியதும் அவரே உட்கார்ந்து மூன்று திட்டங்களைச் சேர்த்து எழுதிக் கொடுத்தார். மில்ஸின் பெயர் இல்லாமல் மெடிகேர் பற்றிக் கட்டுரை வந்தால் நான் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.