ஆட்டு விதையில் ஸ்லைடு: கறிக்கடை முதல் மைக்ரோஸ்கோப் வரை

சாயம் ஏறவில்லை என்று ஹெமடாக்சிலினை (உட்கருவுக்கு நிறம் ஏற்றும் சாயம்) திட்டிப் பயனில்லை. விந்தகத் திசு பெரும்பாலும் ஆடு அறுத்த முதல் ஒரு மணி நேரத்திலேயே கெட்டுவிடுகிறது.

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: காயடிக்காத கிடாய், ஒரு வயது தாண்டியது, விதை எபிடிடைமிஸோடு (விதையை ஒட்டிய சுருள் குழாய்) முழுசாக வேண்டும். இளங்குட்டியின் விதையில் குழல்கள் (விந்தணு உருவாகும் இடம்) இருக்கும், விந்தணு இருக்காது. பையில் போட்டு, ஐஸில் நேராகப் படாமல் கொண்டுவாருங்கள். உறைந்தால் செல்கள் உடையும்.

அடுத்து, திசு கெடாமல் நிலைநிறுத்த வேண்டும். வெறும் ஃபார்மலினில் குழல்கள் சுருங்கும், உட்கருக்கள் தெளியாது. போயின் கரைசல்தான் சரி: பிக்ரிக் அமிலத்தின் நிறைவுற்ற நீர்க்கரைசல் 75 மி.லி., ஃபார்மலின் 25 மி.லி., கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 மி.லி. (பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும், புட்டியில் எப்போதும் ஈரம் இருக்கட்டும்.) வெளியுறையான டியூனிகா அல்புஜினியா கெட்டியானது, கரைசலை எளிதில் உள்ளே விடாது. அதனால் புது பிளேடால் 3–4 மி.மீ. கனத்தில் குறுக்காக அறுத்து, திசுவைப் போல 20 மடங்கு கரைசலில் ஓர் இரவு வையுங்கள். இடுக்கியால் உறையை மட்டும் பிடியுங்கள். நடுவில் அழுத்தினால் செல்கள் பிய்ந்து குழலின் உள்வெளியில் கொட்டும். பார்ப்பவர் அதை நோய் என்று எழுதிவிடுவார்.

மஞ்சள் போகும்வரை 70% ஆல்கஹாலை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு வழக்கம்போல நீர் போக 90%, 100% ஆல்கஹால், ஆல்கஹால் போக சைலீன், கடைசியில் கட்டியாக்க பாரஃபின் மெழுகு. பாலக்காட்டு மார்ச் வெயிலில் பாரஃபின் கட்டி இளகி, வெட்டும்போது வரும் ரிப்பன் (மெல்லிய சீவல்களின் தொடர்) சுருண்டு கத்தியில் ஒட்டும். கட்டியை ஐஸில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, காலையிலேயே 5 மைக்ரானில் வெட்டுங்கள். சாயத்துக்கு ஹெமடாக்சிலின், இயோசின் போதும்.

பார்க்கும்போது குழலின் விளிம்பிலிருந்து உள்ளே போங்கள். அடிச்சவ்வை ஒட்டி ஸ்பெர்மடோகோனியா, அதாவது விந்தணுவாக மாறப்போகும் தொடக்கச் செல்கள். அடுத்து, பெரிய உட்கருவில் நூல்நூலாகக் குரோமாட்டின் தெரியும் முதல்நிலை ஸ்பெர்மடோசைட். பிறகு உருண்டை ஸ்பெர்மாட்டிட், உள்வெளியோரம் விந்தணு. இரண்டாம்நிலை ஸ்பெர்மடோசைட்டைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். அது உண்டான வேகத்தில் பிரிந்துவிடும். இவற்றுக்கு இடையே தாங்கி ஊட்டும் செர்டோலி செல்லுக்கு எல்லை தெரியாது. வெளிறிய உட்கருவும் நடுவில் பளிச்சென்ற நியூக்ளியோலஸுமே அடையாளம். குழல்களுக்கு இடைப்பட்ட லெய்டிக் செல்கள்தான் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பவை.

ஒரு குழலில் முதிர்ந்த விந்தணு இல்லையென்றால் பதற வேண்டாம். பக்கத்துப் பக்கத்துக் குழல்கள் ஒரே கட்டத்தில் இருப்பதில்லை. உட்சுவர் ஒரே உயரமாக, மேலே நீண்ட ஸ்டீரியோசிலியாவோடு (மயிர் போன்ற நீட்சிகள்), உள்ளே விந்தணு அடைத்துக் கிடந்தால் நீங்கள் பார்ப்பது எபிடிடைமிஸ்.