சைக்கிள் ஹப்புக்குள் உடைந்து மாட்டிய டிஸ்க் பிரேக் போல்ட்டை எடுப்பது எப்படி?

ரோட்டாரை (பிரேக் தட்டு) சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போடு பிடித்திருக்கும் ஆறு போல்ட்டில் ஐந்து சமர்த்தாகக் கழன்றன. ஆறாவது 'டக்'கென்று உடைந்து தலை மட்டும் கையில் வந்தது. மிச்சம் ஹப்புக்குள். அவசரப்பட்டு ஒரு மாலைப் பொழுதையே தொலைத்த பிறகு எழுதுகிறேன்.

1. சக்கரத்தைக் கழற்றி, ரோட்டாரை உருவி எடுத்துத் தள்ளி வையுங்கள். அதில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது.

2. உடைந்த துண்டு ஹப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் உடனே திருகாதீர்கள், முதலில் சூடு. இந்த போல்ட்டுகளை மரையில் பசை தடவித்தான் முடுக்கியிருப்பார்கள். அந்தப் பசையைத் துரு நீக்கும் ஸ்பிரே ஒன்றும் செய்யாது, சூடுதான் இளக்கும். சால்டரிங் அயர்ன் நுனியைத் துண்டின் மேல் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஹீட் கன் எனக்குப் பிடிக்காது, பேரிங் சீலையும் கிரீஸையும் சேர்த்துச் சுட்டுவிடும். சூடு ஆறுவதற்குள் வைஸ் கிரிப்பால் (கவ்வியபடியே பூட்டிக்கொள்ளும் குறடு) இறுக்கிக் கவ்வி இடப்பக்கமாகத் திருப்புங்கள். சாதாரணக் குறடு வழுக்கும்.

3. துண்டு உள்ளேயே அடங்கிவிட்டதென்றால் துளை போட்டாக வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். உடைந்த முகம் மேடுபள்ளமாக இருக்கும். அதில் நேராக டிரில் வைத்தால் நுனி ஓரத்துக்கு ஓடும். ஓரத்தில் இருப்பது அலுமினியம், போல்ட்டோ எஃகு. டிரில் பிட் மென்மையான பக்கத்தைத்தான் தின்னும். என்னுடையது அப்படித்தான் ஹப்பின் மரையைக் கொஞ்சம் கடித்துவிட்டது. அதனால் சிறு அரமோ கிரைண்டிங் முனையோ எட்டினால் முகத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு சென்டர் பஞ்சை (டிரில் நுனி உட்காரக் குழி போடும் கூர் உளி) நடுவில் வைத்து முதலில் லேசாக ஒரு தட்டு. எழுந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். நடுவில்தான் என்று உறுதியான பிறகே ஓங்கித் தட்டுங்கள்.

4. முதலில் 2 மி.மீ., அடுத்து 3 மி.மீ. பிட். குறைந்த வேகம், ஒரு சொட்டு எண்ணெய். இடப்பக்கம் சுழலும் டிரில் பிட் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், டிரில்லை ரிவர்ஸில் ஓட்ட வேண்டும். துளை போடும்போதே துண்டு தானாகச் சுழன்று வெளியே வந்துவிடுவதுண்டு.

5. வரவில்லையென்றால் எக்ஸ்ட்ராக்டர், அதாவது துளைக்குள் இடப்பக்கமாகத் திருக, துண்டைக் கவ்விக் கழற்றும் எதிர்மரைக் கருவி. இதைக் கடைசி ஆயுதமாக வைத்திருங்கள். இந்த எம்5 (5 மி.மீ. மரை) போல்ட்டுக்கான எக்ஸ்ட்ராக்டர் மெல்லியது, கடினமான எஃகு. அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறாது. இறுக்கமாகத் தெரிந்தால் நிறுத்தி, மறுபடி சூடு காட்டுங்கள்.

6. எம்5 டேப்பை (மரை வெட்டும் கருவி) ஒருமுறை கையால் ஓட்டி மரையைச் சுத்தம் செய்து, புது போல்ட்டுகளைப் போடுங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்கம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இல்லாமல் முடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: "போல்ட் உடையவில்லை, தலையின் நட்சத்திரப் பள்ளம்தான் தேய்ந்துவிட்டது" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மற்ற ஐந்தையும் எடுத்துவிட்டு, 5 மி.மீ. பிட்டால் தலையை மட்டும் குடைந்து எடுங்கள். தலை போனதும் ரோட்டார் கழன்றுவிடும், துண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் இரண்டாவது படிக்கு வாருங்கள்.