வன்னி றோட்டுக்குப் பழைய ஜீப் வாங்குகிறீர்களா? முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

அளவான காசில் பழைய ஜீப் வாங்கப் போகிறவர் எந்த மொடல் நல்லது என்று கேட்பதற்கு முன், இது படுத்தால் யார் திருத்துவார், சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்க வேண்டும். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ இருக்கிற ஒருவருக்கு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் சாமான் இல்லையென்றால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்துப் பஸ்ஸில் போட்டுத்தான் வர வேண்டும், அதுவரை வாகனம் முற்றத்தில் நிற்கும். ஆகவே விளம்பரம் பார்க்கத் தொடங்கும் முன் தெரிந்த கராஜுக்கு ஒருக்காப் போய், வழமையாகக் கை வைக்கிற ஜீப்புகள் எவை, எதைக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்வீர்கள் என்று கேளுங்கள். அவர் தலையாட்டாத வாகனம் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, ஃபோர் வீல் உண்மையில் தேவையா? ஏ9 வீதியும் மாங்குளம் முல்லைத்தீவு வீதியும் கார் ஓடுகிற வீதிகள்தான், சிக்கல் அவற்றிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் கிறவல் றோட்டில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில். அங்கேயும் பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டியது அடிபடாத உயரம், நாலு சில்லும் இழுப்பது அல்ல. வயலுக்குள் இறங்குகிறவர், சேறு தாண்டித்தான் வீடு என்கிறவர் ஃபோர் வீல் எடுக்கட்டும். மற்றவர்கள் உயரமான இரண்டு சில்லு வாகனம் எடுத்தால் அதே காசுக்குக் கொஞ்சம் புதிய வருடம் கிடைக்கும், பெற்றோலும் மிஞ்சும், பழுதாகிற பொருட்களும் குறைவு.

விலையைப் பற்றிச் சுருக்கமாக. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தாலும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது, அதனால்தான் இருபது வருட ஜீப்புக்கும் இப்படி விலை சொல்கிறார்கள். கையில் 50 இலட்சம் இருந்தால் 43, 44க்கு மேல் போகாதீர்கள். மிச்சம் டயருக்கும் சொக் அப்சோர்பருக்கும் பெயர் மாற்றத்துக்கும் போய்விடும். காலபோக அறுவடை முடிந்து சனத்தின் கையில் காசு புழங்கும் நேரம் தரகருக்கும் தெரியும், அவசரமில்லை என்றால் அந்தக் கிழமைகளைத் தள்ளிவிடலாம்.

மொடல்களில் எனக்குப் பிடித்தது 2006க்குப் பிந்திய டைஹட்சு டெரியோஸ், அதன் உடன்பிறப்பான டொயோட்டா ரஷ். 1500 சிசி, உயரம் உண்டு, எளிமையான எஞ்சின், பின்னுக்கு மூன்று பேர் நெருக்கித்தான் இருக்க வேண்டும். டெரியோஸ் கிட் 660 சிசி டர்போ, இரண்டு பேருக்கும் ஒரு பிள்ளைக்கும் காணும், அம்மம்மாவையும் ஏற்றிக்கொண்டு மடுத் திருவிழாவுக்குப் போக அது சரிவராது. சுசுகி எஸ்குடோ உறுதியானது, ஆனால் பெற்றோல் குடிக்கும். நிசான் எக்ஸ்-ட்ரெயிலின் முதல் வடிவத்தில் இடம் தாராளம், ஆனால் எஞ்சின் ஒயில் அளவை வடிவாகப் பாருங்கள், குறைந்து கிடந்தால் காரணம் கேளுங்கள். மொன்டெரோ வைத்திருப்பது மரியாதைதான், திருத்தும் செலவும் அதே மரியாதையோடு வரும். ஹொண்டா வெசல் ஹைபிரிட் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அதன் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸுக்காக ஹொண்டாவே ஜப்பானில் வாகனங்களைத் திரும்ப அழைத்த கதை உண்டு, போதாததற்கு எங்கள் புழுதி பற்றரி குளிர்விக்கும் காற்றாடிக்குள் போய் அடைக்கும். ஹைபிரிட் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள்.

இனி வாகனத்தைப் பார்க்கும் விதம். பெயின்றும் சீட் கவரும் மினுங்கும், அதில் கண் வைக்காமல் சேவிஸ் ஸ்டேஷன் றாம்பில் ஏற்றச் சொல்லுங்கள், காசை நீங்களே கொடுங்கள். அடியில் செசியை ஸ்குறூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள், உக்கிய இடம் மொத்தையான சத்தம் தரும். முல்லைத்தீவு, மன்னார் கரையோரத்தில் ஓடிய வாகனம் என்றால் உப்புக் காற்று தன் வேலையைக் காட்டியிருக்கும், செசிக்குப் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் எதை மறைக்க அடித்தார்கள் என்று யோசியுங்கள். முன் சில்லுப் பக்கம் றப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, கியர்பொக்ஸ் அடியில் ஒயில் கசிகிறதா, செசியில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வாகனம்தான் இப்போது பெரிய பயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்துக்குப் பிறகு கழுவிக் காயவைத்த வாகனங்கள் எந்த ஊரிலிருந்தும் இங்கே வரலாம். சீட் பெல்ற்றைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்று நிறம் இருந்தால் கதை முடிந்தது. காப்பெற்றைத் தூக்குங்கள், சீட் பூட்டிய போல்ற்றுகளில் துரு, ஸ்பெயர் சில்லுக் குழியில் மண், விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம், எல்லாம் அதே கதையைத்தான் சொல்லும். இப்படி நனைந்ததை அரை விலைக்குத் தந்தாலும் வேண்டாம், வயரிங் பிரச்சினை வருடக் கணக்கில் தொடரும்.

எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது பின்னால் ஒருவரை நிறுத்துங்கள், நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. ஒயில் மூடியின் உட்புறம் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். ஓட்டிப் பார்ப்பது கார்பெற் வீதியில் மட்டும் என்றால் பிரயோசனமில்லை, கிறவலில் இறக்கி, ஸ்டியரிங்கை முழுதாக வெட்டி வட்டம் அடியுங்கள், டக் டக் என்றால் சில்லைச் சுழற்றும் சிவி ஜொயின்ற் தேய்ந்திருக்கும். ஃபோர் வீலையும் அங்கேயே போட்டுப் பாருங்கள், காய்ந்த கார்பெற்றில் போட்டால் சில வகைகளில் கியர் இறுகும். ஏசியைப் பத்து மணிக்கல்ல, மத்தியான வெயிலில், பின் சீட்டில் இருந்து பாருங்கள். டயரின் பக்கத்தில் உள்ள கடைசி நாலு இலக்கம் 2319 என்றால் 2019இன் 23ஆம் கிழமை செய்தது, பூ மிச்சமிருந்தாலும் வயது போய்விட்டது.

எல்லாம் சரியென்றால் புத்தகம். விற்கிறவரின் அடையாள அட்டையும் பதிவுப் புத்தகத்துப் பெயரும் ஒத்துவர வேண்டும், செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் இரும்பிலேயே வாசித்து ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கையில் வராமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடப்பது, புத்தகத்துக்காரர் கனடாவில் இருப்பார், வாகனம் மூன்றாவது கையில் ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் அவர் கையெழுத்து வைத்த பத்திரத்தோடு மட்டும் ஓடும், 'பேப்பரில் கையெழுத்து இருக்குது அண்ணை, பயப்படாதேங்கோ' என்பார்கள். அந்தக் கையெழுத்தில் ஒரு பிழை வந்தால் யாரைத் தேடிப் போவீர்கள்? புத்தகத்துக்காரர் தன் சார்பில் விற்க ஒருவருக்குக் கொடுத்த, இன்னும் செல்லுபடியாகும் அற்றோணித் தத்துவம் இருக்கிறதா என்று சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள், இல்லையென்றால் வேறு வாகனம் பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ், காப்புறுதி மூன்றும் நடப்பிலா என்பதையும் பாருங்கள், பழைய பாக்கியை விற்கிறவரே கட்டி முடிக்கட்டும்.

காசைப் பெயர் மாற்றப் பத்திரங்களில் கையெழுத்து விழும் நாளில், வங்கி மூலம் கொடுங்கள், அட்வான்ஸ் கொடுத்தால் வாகன நம்பரும் திகதியும் எழுதிய துண்டு ஒன்று வாங்குங்கள். பெயர் மாற்றத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த கிழமையிலேயே எஞ்சின் ஒயில், ஃபில்டர்கள், கூலன்ற், பிறேக் ஒயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள், டைமிங் பெல்ற் உள்ள எஞ்சின் என்றால், போன மாதம்தான் மாற்றினோம் என்று சொன்னாலும் பில் இல்லாவிட்டால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.