டெட்ரிஸில் ஜெயிக்கணுமா? கொஞ்ச நாள் மெதுவாக ஆடுங்கள்

பர்மா பஜாரில் வாங்கிய பிரிக் கேமில் கட்டை அடுக்கிப் பழகிய கை நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கையோடு டெட்ரியோ, ஜேஸ்ட்ரிஸ் போன்ற ஆன்லைன் டெட்ரிஸ் போட்டித் தளங்களில் இறங்கி, எதிரி அனுப்பும் குப்பை வரிசையில் (ஓட்டையோடு கீழிருந்து ஏறிவரும் வரிசை) அரை நிமிடத்தில் மூழ்கிப்போனவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ‘வேகத்தை எப்படிக் கூட்டுவது?’ கேள்வியே தப்பு என்பது என் கருத்து. கை தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கை இல்லை, கண். இந்தக் கட்டையை எங்கே வைக்கலாம் என்று அது வந்த பிறகுதான் யோசிக்கிறோம், அங்கேதான் நேரம் போகிறது.

அதனால் முதல் இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். தனியாக 40 வரிசையை அழித்து முடிக்கும் ஆட்டத்தைத் திறந்து, கையில் இருக்கும் கட்டைக்கு மட்டுமல்லாமல் அதற்கடுத்த கட்டைக்கும் இடம் முடிவான பிறகே கீழே போடுங்கள். கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். நாலு நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. கணக்கு எளிமையானது: வரிசைக்கு 10 கட்டம், 40 வரிசைக்கு 400, ஒரு கட்டைக்கு 4 கட்டம், ஆக குறைந்தது 100 கட்டை. நிற்காமல் வினாடிக்கு ஒன்று போட்டாலே 1 நிமிடம் 40 வினாடியில் முடிந்துவிடும். தடதடவென்று பத்து கட்டையைப் போட்டுவிட்டு மூன்று வினாடி விழிப்பவரைவிட, ஒரே சீராக ஆடுபவர் முன்னால் போய்விடுவார்.

அடுத்து விரல். சுவரை ஒட்டி வைக்க வேண்டிய கட்டையைத் தட்டித் தட்டி நகர்த்தாதீர்கள். டி (T) வடிவக் கட்டை வலது சுவருக்குப் போக நாலு தட்டு வேண்டும், அழுத்திப் பிடித்தால் ஒரே அழுத்தல். சுவரிலிருந்து ஒரு கட்டம் தள்ளி வேண்டுமா, அழுத்திப் பிடித்துச் சுவருக்குக் கொண்டுபோய் ஒரு தட்டு திரும்பி வாருங்கள். இடதுபக்கம் சுழற்ற ஒரு தனிப் பொத்தான் இருக்கும்போது, வலதுபக்கம் மூன்று முறை சுழற்றும் பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். இதெல்லாம் வசதியாக இருக்க செட்டிங்கைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்ததும் கட்டை ஓடத் தொடங்குவதற்குள் ஒரு தாமதம் இருக்கிறது, அதற்கு டாஸ் என்று பெயர். டெட்ரியோவில் அது முதலில் 10 பிரேமில் இருக்கும், அதாவது வினாடியில் ஆறில் ஒரு பங்கு. அதை 8க்கு இறக்கி ஒரு வாரம் ஆடுங்கள், கை பழகியதும் இன்னும் குறைக்கலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் விலை கூடிய கீபோர்டு வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் மூன்றும் பதிவாகிறதா, அது போதும். சித்திரை வெயிலில் விரல் வியர்த்து வழுக்கும்போது ஒரு கைக்குட்டை பக்கத்தில் இருப்பது அதைவிட முக்கியம்.

கட்டைகள் இஷ்டத்துக்கு வருவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஏழு வகையையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, அது தீர்ந்த பிறகுதான் அடுத்த பை. ஆகவே ஒரு நீளக் கட்டைக்கும் அடுத்த நீளக் கட்டைக்கும் நடுவே அதிகபட்சம் 12 கட்டைதான் வரும். இது தெரிந்தால் ‘எப்போ வருமோ’ என்ற பதற்றம் பாதி குறைந்துவிடும். ஆனால் மூன்று கட்டம் ஆழமான சந்து இரண்டு இடத்தில் விட்டுவிட்டால் இந்தக் கணக்கு உதவாது, ஒன்றோடு நிறுத்துங்கள். மேல்பரப்பில் சதுரமான ஓ கட்டைக்கு ஒரு சமதளம், நெளிந்த எஸ்ஸுக்கும் இசட்டுக்கும் ஒவ்வொரு படி எப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாக்குதல்: நாலு வரிசையை ஒரே அடியில் அழித்தால் எதிரிக்கு 4 வரிசை குப்பை போகும். டி கட்டையைச் சுழற்றி இடுக்கில் நுழைத்து இரண்டு வரிசை அழித்தாலும் அதே 4. சாதாரணமாக இரண்டு அழித்தால் 1, ஒன்று மட்டும் அழித்தால் ஒன்றுமே போகாது. டி-ஸ்பின் என்கிற அந்தச் சுழற்றல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது இப்போது புரியும். ஆனால் சுத்தமாக அடுக்க வராதவர்கள் ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத் தொடக்கத்துக்கான அடுக்கு முறையை, யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் பத்து பதினைந்து கட்டை அழகாகப் போகும், அப்புறம்?

உண்மையில் ஆட்டம் தோற்பது குப்பையில்தான். வருகிற குப்பையை உங்கள் தாக்குதலே ரத்து செய்யும் என்பதால், குப்பை வரப்போவதைக் காட்டும் சிவப்புப் பட்டை ஓரத்தில் ஏறும்போது கையில் ஒரு அடி தயாராக இருக்க வேண்டும். டி கட்டையையோ நீளக் கட்டையையோ ஹோல்டில் (ஒரு கட்டையைப் பிறகு எடுக்க ஒதுக்கிவைக்கும் இடம்) வைத்திருங்கள் என்பது இதற்காகத்தான். வந்து சேர்ந்துவிட்டால், மேலே அழகாகக் கட்டிக்கொண்டிருக்காமல் ஓட்டைக்கு நேர்மேலே இருப்பதை முதலில் அழித்துத் தோண்டுங்கள். ஜேஸ்ட்ரிஸில் இதற்கென்றே சீஸ் ரேஸ் என்ற பயிற்சி ஆட்டம் இருக்கிறது, தினமும் பத்து முறை ஆடிவிட்டுப் போட்டிக்குப் போங்கள். தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைத் திறந்து, கடைசிக் கட்டையைப் பார்க்காமல், முதல் ஓட்டை எந்தக் கட்டையில் விழுந்தது, அப்போது நெக்ஸ்டில் (அடுத்து வரும் கட்டைகளைக் காட்டும் இடம்) என்ன இருந்தது என்று தேடுங்கள்.