உலகம் அழிந்த கதையைத் தொடராக்கும்போது சறுக்கும் இடங்கள்

பேரழிவுக்குப் பிந்தைய நாவலைக் கையில் எடுக்கும் குழு, பட்ஜெட்டில் பெரும்பகுதியை அழிவைக் காட்டுவதற்கே கொட்டிவிடுகிறது. சாம்பல் வானமும் இடிந்த பாலமும் இரண்டு எபிசோடில் கண்ணுக்குப் பழகிவிடும். மிச்ச எபிசோடுகளை ஓட்ட கதாபாத்திரங்கள் வேண்டும்.

நாவலின் சம்பவங்களை வரிசை மாறாமல் படமாக்கினால் மூலத்துக்கு நேர்மையாக இருந்துவிட்டோம் என்று நினைப்பதும் தவறு. எமிலி செயின்ட் ஜான் மண்டெல் 2014இல் எழுதிய 'ஸ்டேஷன் லெவன்' நாவலில், மேடையிலேயே ஒரு நடிகர் இறந்துபோகும் இரவில், நாடகம் பார்க்க வந்த ஜீவனும் அதில் நடித்த சிறுமி கிர்ஸ்டனும் சற்று நேரம் பேசுகிறார்கள், பிரிகிறார்கள், அவ்வளவுதான். 2021இல் வந்த தொடரிலோ ஜீவன் அவளைத் தன்னோடு கூட்டிப்போகிறான். சகோதரன் ஃபிராங்கின் அடுக்குமாடி வீட்டில் மூவரும் அடைந்துகிடக்கிறார்கள். நாவலைப் படித்தவர்கள் முதலில் முகம் சுளிக்கலாம். ஆனால் சிதறிக்கிடக்கும் மனிதர்களை நாவலில் கோத்துத் தந்தது கதைசொல்லியின் குரல். திரையில் அது இல்லாதபோது, அந்த வேலையை ஓர் உறவு செய்தாக வேண்டும். இந்த மாற்றம் நியாயமானது என்பேன்.

அந்தக் குரலை வாய்ஸ் ஓவராக்கி ஒப்பேற்றுவது சோம்பேறித்தனம். உதாரணத்துக்கு ஒரு காட்சி: இறந்தவரின் ஷூவைக் கழற்றி, பெரிதாக இருப்பதால் முனையில் துணியைத் திணித்து, நாலு அடி நடந்து பார்க்கிறாள் ஒருத்தி. நாவலில் ஒரு பக்கம் நீளும் ஏக்கத்தை இந்தப் பத்து நொடி சொல்லிவிடும்.

காலத்தை முன்பின்னாகக் கலைப்பது இப்போது ஃபேஷன். ஸ்டீபன் கிங்கின் 'தி ஸ்டாண்ட்' நாவலில் நோய் மெல்லப் பரவுவதுதான் வாசகரைப் பிடித்து வைக்கிறது. 2020இல் வந்த தொடர், பிழைத்தவர்கள் பிணங்களை அகற்றுவதிலிருந்து தொடங்கிவிட்டு ஃபிளாஷ்பேக்குக்குப் போனது. யார் தப்பிப்பார்கள் என்று தெரிந்த பிறகு பதற்றம் எங்கிருந்து வரும்?

ஒரு நாவலை ஒரே சீசனில் அடைக்கவும் வேண்டாம். 2023இல் தொடங்கிய 'சைலோ', ஹ்யூ ஹோவியின் நாவல் வரிசையில் முதலாவதான 'வூல்' நாவலின் ஒரு பகுதியோடு முதல் சீசனை நிறுத்திக்கொண்டது.

பிறகு சில்லறை விஷயங்கள். பெட்ரோல் சில மாதங்களிலேயே கெட ஆரம்பித்துவிடும். ஆனால் தொடர்களில் இருபது வருஷம் கழித்தும் யாரோ சாவியைத் திருப்பியதும் கார் கிளம்புகிறது. நாயகன் முகத்தில் அன்று காலை சவரம் செய்த பளபளப்பு வேறு!