'மூளையிலேயே பாலினம் தெரியும்' என்ற செய்தியைப் படிப்பது எப்படி?

ஒருவர் தன்னை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா என்பது (பாலின அடையாளம்) மூளையிலேயே தெரியும் என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், பகிர்வதற்கு முன் எத்தனை மூளைகளை ஆராய்ந்தார்கள் என்று தேடுங்கள். திருநங்கையரின் மூளையில் ஒரு சின்னப் பகுதி பெண்களுக்கு இருக்கும் அளவில் இருந்தது என்று சொல்லி, பலரும் மேற்கோள் காட்டும் 1995 நெதர்லாந்து ஆய்வில் இருந்தது இறந்துபோன 6 திருநங்கையரின் மூளைதான். அந்தத் திருநங்கையர் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை எடுத்தவர்கள். வளர்ந்தவரின் மூளை அளவைக்கூட ஹார்மோன் கொஞ்சம் மாற்றும் என்பதால், எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அதுமட்டுமல்ல, ஆய்வாளர்கள் அளந்த அந்தச் சின்னப் பகுதியில் ஆண் பெண் வித்தியாசம் பெரியவர்களான பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது என்று 2002-ல் அதே குழுவினரே எழுதினார்கள். தலைப்பு போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

அப்புறம், கருப்பையில் நடப்பதைக் காரணமாகச் சொல்லும் விளக்கம். பிறப்புறுப்பு முதல் மூன்று மாதங்களில் உருவாகிறது, மூளை அதற்குப் பிறகும் வளர்கிறது, ஆகவே இரண்டும் வெவ்வேறு திசையில் போகலாம் என்பது ஒரு கருதுகோள், நிரூபணம் இல்லை. பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி (பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பியில் வரும் ஹார்மோன் கோளாறு) உள்ள பெண் குழந்தைகள் கருவில் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை அதிகமாகச் சந்தித்தும், பெரும்பாலோர் தங்களைப் பெண்ணாகவே உணர்கிறார்கள். ஆனால் ஆணாக உணர்பவர்களின் விகிதம் பொதுவான அளவைவிடக் கூடுதல். ஹார்மோனுக்குப் பங்கு உண்டு, அது மட்டுமே தீர்மானிப்பதில்லை என்று படித்துக்கொள்ளுங்கள்.

'காரணம் கண்டுபிடிப்பு' என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒருவரின் பாலின அடையாளத்தை ஸ்கேன் எடுத்து உறுதிசெய்ய முடியாது, அதனால் வீட்டில் யாரையும் அதற்காக ஸ்கேன் சென்டருக்கு இழுத்துப் போகாதீர்கள்.