ஓக் சட்டக வீடு: மரம் வாங்குவதற்கு முன்பே தொடங்கும் தவறுகள்

இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஓக் மரத் தூண்களையும் உத்தரங்களையும் சட்டகமாகக் கோத்த கட்டடங்கள் பல நூற்றாண்டுகளாகப் பச்சை மரத்தில், அதாவது வெட்டி உலராத மரத்தில்தான் எழும்பின. அதை மறந்துவிட்டு "நன்றாகக் காய்ந்த உத்தரம்தான் வேண்டும்" என்று கேட்பது முதல் தவறு. ஓக் பலகை காற்றில் உலர, 25 மி.மீ. தடிமனுக்கு ஓராண்டு என்பது தோராயக் கணக்கு. 200 மி.மீ. உத்தரத்துக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சூளையில் அவசரமாகக் காயவைத்தால் உள்ளே வெடிப்பு விழும். காய்ந்த ஓக்கில் உளி இறங்குவதும் கடினம்.

பச்சை மரத்தை வாங்கிவிட்டுக் காய்ந்த மரம்போல நடத்துவது அடுத்த தவறு. காய்கையில் 200 மி.மீ. அகலம் 8 முதல் 15 மி.மீ. வரை சுருங்கும்; நீளம் அநேகமாக மாறாது. அதனால் பச்சைச் சட்டத்துக்குள் கண்ணாடியை நேராகப் பதிக்கக் கூடாது. கண்ணாடியைச் சட்டத்தின் வெளிப்பக்கம் ரப்பர் பட்டையோடு நிறுத்தி, அதன் விளிம்பைப் பலகையால் மூடுவார்கள். மூட்டிலும் இதே கணக்குதான். தூணின் துளைக்குள் போகும் கழுந்தில் (உத்தரத்தின் முனையில் செதுக்கிய நாக்கு), முளைக்கான (மூட்டைப் பூட்டும் மர ஆணி) ஓட்டையை 2–3 மி.மீ. தோள் பக்கம், அதாவது கழுந்து தொடங்கும் படியின் பக்கம், தள்ளிப் போட வேண்டும். முளை அடிக்கும்போது மூட்டு இறுகும். முளை மட்டும் நன்கு காய்ந்ததாக, ரம்பத்தில் அறுக்காமல் மர இழை ஓடும் ரேகையோடு பிளந்ததாக இருக்க வேண்டும். பச்சை முளை சுருங்கித் தளரும். அறுத்த முளை ரேகை குறுக்கே ஓடும் இடத்தில் ஒடியும்.

இரும்பு ஆணியும் போல்ட்டும் வேண்டாம். ஓக்கில் உள்ள டானின் அமிலம் இரும்பை அரிக்கும். சுற்றிலும் கருநீலக் கறை படரும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து மையாகும் அதே வேதியியல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே சரி. கட்டி முடித்த பிறகும் மழைநீரோடு டானின் வழியும். கீழே வெளிர்நிறக் கல் தரை இருந்தால் கட்டும் காலத்திலேயே மூடி வையுங்கள்.

வெடிப்பைக் கண்டு பயந்து மக்கு (புட்டி) அடைப்பவர்கள் பலர். ரேகை வழியே ஓடும் வெடிப்பு பெரும்பாலும் பலத்தைக் கெடுக்காது. மூட்டுக்குள், முளைக்கு அருகே ஓடினால் பொறியாளரிடம் காட்டுங்கள். குடிபோன வாரமே தரைக்கடியில் உள்ள வெப்பமூட்டியை முழு வேகத்தில் வைப்பதுதான் பெரிய வெடிப்புகளுக்கு வழி. முதல் குளிர்காலத்தில் மெல்ல மெல்ல ஏற்றுங்கள். வார்னிஷும் வேண்டாம்: ஈரம் வெளியேற வழியில்லாமல் படலம் உரியும்.

பழைய வீட்டைப் பழுது பார்ப்பவர்கள் சட்டங்களுக்கு நடுவே சிமெண்ட் பூசுவது இன்னும் மோசம். சிமெண்டுக்கும் மரத்துக்கும் இடையே விழும் விரிசலில் மழைநீர் இறங்கித் தங்கும். ஓக் மக்கத் தொடங்கினால் டெத்வாட்ச் என்னும் வண்டு குடியேறும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். வைரம் பாய்ந்த பகுதி நீடித்து உழைக்கும். பட்டையை ஒட்டிய ஓரத்து வெள்ளை மரம் உழைக்காது. வெளியே மழைபடும் இடத்தில் வெள்ளையைக் கழித்து அளவெடுங்கள்.

தேவைக்கு மேல் பருமனாகவும் நேராகவும் மரம் கேட்பது செலவையும் காட்டையும் ஒருசேரத் தின்னும். 2019 ஏப்ரலில் பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தின் ஓக் கூரை எரிந்தபோது, அதைத் திரும்பக் கட்டும் அளவுக்குப் பெரிய மரங்கள் பிரான்சில் இனி இல்லை என்ற பேச்சு எழுந்தது. உண்மையில் அந்தப் பழைய கூரையில் பெரும்பாலும் 25–30 செ.மீ. குறுக்களவுள்ள ஒல்லியான ஓக்குகளே இருந்தன. ஒரு மரம், ஒரு உத்தரம். மறுகட்டுமானத்துக்குச் சுமார் 2,000 ஓக்குகள் பிரான்சின் காடுகளிலேயே கிடைத்தன. கூரைச் சட்டங்களைப் பச்சையாகவே கோடரியால் செதுக்கினார்கள். ஆகவே மரவாடியில் என்ன நீளம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வரைபடம் போடுங்கள். வளைந்த கிளையைத் தாங்குகட்டைக்கு ஒதுக்கினால் அறுக்கும்போது வீணாவதும் குறையும்.

ரசீதில் வெறும் "ஓக்" என்றிருந்தால் ஏற்காதீர்கள். ஐரோப்பிய ஓக் என்றால் குவெர்கஸ் ரோபர் அல்லது குவெர்கஸ் பெட்ரியா. அமெரிக்கச் சிவப்பு ஓக்கின் நுண்துளைகள் திறந்தே இருப்பதால் அது மழைக்கு ஆகாது. மங்கோலிய ஓக்கை ரஷ்யா 2014இல் சைட்ஸ் (அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. அதற்கு ஏற்றுமதித் தாள் வேண்டும். ரஷ்ய, பெலாரஸ் மரத்துக்கு 2022 முதல் எஃப்எஸ்சி (பொறுப்பாகப் பராமரித்த காட்டு மரம் என்பதற்கான சான்று) முத்திரை கிடையாது. கடைக்காரர் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் போதாது: உங்கள் ரசீதில் அந்தச் சரக்கின் பக்கத்திலேயே சான்று எண்ணும் வகையும் அச்சாகியிருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் நிலக்காரரிடம் நேரடியாக வாங்கினால் மரம்வெட்டும் உரிமத்தின் நகலைக் கேளுங்கள். உரிமமின்றி ஒரு காலாண்டில் 5 கன மீட்டர் வெட்டலாம்; ஆனால் விற்கக்கூடியது 2 கன மீட்டர்தான். முதிர்ந்த ஓக் ஒன்றே அதைத் தாண்டிவிடும்.